இடது காதில் தோடு இல்லாதவர்

அவருடைய வலது காதில் சிவப்புக்கல் தோடு ஒன்று இருக்கும். இடது காதில் இருக்காது. அந்த இன்னொரு தோட்டை அவர் முந்தானை முனையில் முடிந்து வைத்திருப்பது வெகுநாள் எவருக்கும் தெரியாது. ஆற்றில் தொலைத்துவிட்டார் என்று எஸ்டேட்டில் சிலர் சொன்னார்கள். வேண்டுதலுக்காக ஒற்றைத் தோட்டைக் கோயிலில் கொடுத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். நான் இந்தக் காரணங்களையெல்லாம், சொன்னவர் பெயரும் கேட்ட தேதியும் போட்டு, என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அவரிடமே கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்ற ஒன்றரை வருடம் ஆயிற்று.

"ஹெட்போன் அழுத்தும்லா, குத்தும். அதான் கழட்டி வைக்கேன்" என்றார். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை அடித்தேன்.

எங்கள் எஸ்டேட்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் ஆபரேட்டர். துரை பங்களா, ஃபாக்டரி, ஆபீஸ், டிஸ்பென்சரி, மேலே உள்ள டிவிஷன்கள், மூணாறுக்குப் போகும் ஒரே ஒரு வெளி லைன், எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போய் வந்தன. பெயரை எழுதப்போவதில்லை. என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அவர் எவரிடமும் சொன்னதில்லை. பதிலுக்கு நான் செய்யக்கூடியது இவ்வளவுதான். எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவர் என்னை 'மழைக்காரரே' என்று கூப்பிடுவார்.

சின்னக்கானலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். தினமும் காலை எட்டரை மணிக்கு முற்றத்தில் இருக்கும் மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். மற்ற கிளார்க்குகளுக்கு அது தண்டனை. எனக்கு அது பதவி. என் கல்யாணத்துக்காக லீவு போட்ட நான்கு நாட்களின் மழை வேறொருவர் கையெழுத்தில் இருப்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

அக்காவுக்குத் தெரிந்த விஷயமும் மழை பற்றியதே. ஒருமுறை குளிர் ஜுரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். மறுநாள் ஆபீசுக்குப் போனதும் பக்கத்து எஸ்டேட்டுக்கு லைன் கேட்டு, அவர்கள் அளவை விசாரித்து, என் அனுபவத்தைக் கொண்டு அதில் கொஞ்சம் கூட்டி, என் பதிவேட்டில் எழுதிவிட்டேன். ஒரு மேட்டில் பெய்யும் மழை அடுத்த மேட்டில் பெய்யாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான்தான். லைன் போட்டுக் கொடுத்தவர் அக்கா. அன்று சாயங்காலம் என்னைப் பார்த்தபோது, "ஜுரம் விட்டுட்டா?" என்று மட்டும் கேட்டார். லைனில் வருவதைப் பற்றி யார் துருவிக் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: "அது லைன்ல வந்தது. அங்கனேயே கிடக்கட்டும்."

அவர் காது சாதாரணக் காது அல்ல. நாம் டெலிபோனை எடுத்ததும், வாய் திறப்பதற்கு முன்பே ஆளைச் சொல்லிவிடுவார்.

"என்ன மழைக்காரரே, சளி பிடிச்சிருக்கா? டிஸ்பென்சரிக்குப் போடவா?"

"நான் இன்னும் பேசவே இல்லையேக்கா."

"மூச்சு விட்டீங்கள்லா."

எழுபத்தெட்டாம் வருடத் தொடக்கத்தில் என் மைத்துனர் துபாயிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார். அதுவரை நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தவன் அன்று முதல் பேசவும் ஆரம்பித்தேன். வீட்டில் என் மனைவிக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. ஆனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்து அதற்கு முந்தைய சில வருடங்களில் சிலர் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத பெண்கள் கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் கீழே சமவெளியிலிருந்து எங்கள் மலைக்கும் ஏறி வந்திருந்தது. எஸ்டேட்டில் மைக் வைத்த டேப்ரிக்கார்டர் என்னிடம் மட்டுமே இருந்ததால் எல்லோரும் என் குவார்ட்டர்சுக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் நான் பேசுவேன். ஆண்டு, மாதம், தேதி, கிழமை, மணி, இடம், வெப்பநிலை, கடந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழை. எதிர்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்தால் உதவும் என்பது என் எண்ணம். துபாயிலிருந்து ஒருவர் தன் மனைவிக்கு எழுதினார்: "மழை சொல்லுத அந்த ஆளை அடுத்த தடவை வெளிய நிக்கச் சொல்லு. அவர் முடிக்கதுக்குள்ள எனக்கு டூட்டிக்கு நேரமாயிருது." அந்தப் பெண் அதை என்னிடமே வாசிக்கக் கொடுத்தாள். வாசித்தேன். அதற்குப் பிறகு வெப்பநிலையை மட்டும் விட்டுவிட்டேன்.

பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் மைக்கில் மோட்டார் சுற்றும் சத்தம் ஏறியது. அதனால் வயரில் வரும் தனி மைக்கை வைத்தேன். கரண்டில் ஓட்டினால் வண்டு ரீங்காரம் போல ஒரு இரைச்சல் கேட்டது. பாட்டரிக்கு மாறினேன். மேஜையில் விரல் பட்டாலும் இடிபோல் கேட்டதால் மைக்குக்கு அடியில் மடித்த துண்டை வைத்தேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி என்று விதி செய்தேன். வீட்டின் பின்னால் இருந்த சாமான் அறையின் நான்கு சுவரிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தேன். மலையில் கம்பளி என்றைக்கும் முழுதாகக் காய்ந்ததில்லை. ஸ்டுடியோவுக்குள் வந்தவர்கள் நனைந்த ஆட்டு மந்தைக்குள் உட்கார்ந்திருப்பது போல மூக்கைச் சுருக்கிக்கொண்டு பேசினார்கள். அந்த மூக்குச் சுருக்கமும் பதிவில் கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சத்தம் போகவில்லை. டிக், டிக், டிக். டைம்பீஸை அடுப்படிக்கு மாற்றினேன். போகவில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். போகவில்லை. மூன்று வாரம் அதைத் தேடினேன். எந்தக் கிழமையில் அதிகம், எந்தக் கிழமையில் குறைவு என்று ஒரு அட்டவணைகூடப் போட்டேன். கடைசியில் பக்கத்து குவார்ட்டர்சில் இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிடம் கேட்டார்.

"மைக்கைக் கையிலயா பிடிச்சிருந்தீங்க?"

"ஆமாக்கா. மேஜையில வச்சா ஒரு சாண் தூரம் மாறிருது."

"அந்தக் கையிலதான வாட்ச்சும் கட்டியிருக்கீங்க."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எந்தக் கேசட்டும் அக்கா கேட்காமல் தபாலுக்குப் போகாது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் டூட்டி முடிந்து வரும்போது ஒருமுறை கேட்பார். "கோழி இருக்கு", "நாற்காலி கிறீச்சுங்குது", "உங்க வயிறு இரையுது, சாப்பிட்டுட்டு எடுத்திருக்கலாம்லா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். கேசட்டில் பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. எவ்வளவு கேட்டார், எவ்வளவு கேட்காததுபோல் இருந்தார் என்பது சில நாள் எனக்கு அச்சமாகவே இருந்தது.

முத்துலட்சுமி வந்தது அந்த ஆனி மாதத்தில். கொழுந்து எடுக்கும் பெண். அவள் புருஷன் துபாய்க்குப் போகும்போது மகள் ராணி இரண்டு மாதக் குழந்தை. இப்போது மூன்று வயது முடிந்திருந்தது. பிள்ளை நன்றாகப் பேசுகிறாள், அப்பா அப்பா என்று கேட்கிறாள் என்று முத்துலட்சுமி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். என்னிடம் வருவதற்கு முன் எஸ்டேட்டுக்கு வெளியே வேறு இடங்களில் பதிந்து அனுப்பிய மூன்று கேசட்டுகளிலும் பிள்ளை குரல் இல்லை. புருஷனிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். நான்கே வரி.

"போட்டோ பழசாகூட இருக்கும். பிள்ளை இருக்காளா இல்லையா, உண்மையைச் சொல்லு. அடுத்த கேசட்டுலயும் அவ சத்தம் இல்லைன்னா வேலையை விட்டுட்டு வந்துருவேன்."

"வேலையை விட்டுட்டு வந்தா மறுபடி போக முடியாது சார்" என்றாள் முத்துலட்சுமி. "எப்படியாச்சும் அவளைப் பேச வச்சுருங்க."

நான் இதை ஒலிப்பதிவுப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டேன். முந்தைய மூன்று கேசட்டுகளிலும் சுற்றுச் சத்தத்தில் பிள்ளை மிரண்டிருக்கும் என்று விளக்கினேன். மழை இல்லாத நாள் வேண்டும். எங்கள் கூரை தகரம். மழை பெய்தால் ஸ்டுடியோ தானியம் புடைக்கும் முறத்துக்குள் உட்கார்ந்தது போல் ஆகிவிடும். பழைய பதிவேடுகளைப் புரட்டி, அந்தப் பருவத்தில் அதிகமும் மழை வெறித்திருக்கும் கிழமைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்தக் கிழமைகளிலெல்லாம் மழை கொட்டியது. மற்ற நாட்களில் வெயில் அடித்தது.

ஒருவழியாக மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மழை விட்டிருந்தது. முத்துலட்சுமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று கெஞ்சுவாள். பிள்ளைக்கு லேசாகச் சளி. மூச்சு கரகரவென்று வரும். கம்பளியின் மயிரைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று நாளும் நாங்கள் முடிப்பதற்குள் ஃபாக்டரியின் ஒரு மணிச் சங்கு ஊதிவிட்டது. அப்படி ஊதிய ஒரு நாளைப் பற்றி என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: 'மணி 1.00. சங்கு. தாய் பதறினாள், எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. குழந்தை அசையவில்லை. மிக நல்ல ஒத்துழைப்பு.'

என் எழுத்தில் நான் திரும்ப வாசிக்க விரும்பாத வரி அது.

மூன்றாம் நாள் முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "உங்க பாப்பாவை ஒரு தடவை அப்பான்னு சொல்லச் சொல்லுவீங்களா சார்? அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். பேச்சை நிறுத்துவதுதான் அவளிடம் கஷ்டம். நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நாலு வாரம் அலைந்த பிறகு ஒரு நல்ல பதிவு கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம்தான் இருந்தது. மகளை உட்காரவைத்து, வாட்சைக் கழற்றி, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து எடுத்தேன். "அப்பா, எப்ப வருவீங்க?" அவ்வளவுதான். கோழி இல்லை, சங்கு இல்லை, மழை இல்லை. நான் எடுத்ததிலேயே சுத்தமான பதிவு அது.

சாயங்காலம் அக்கா வந்து கேட்டார்.

"சுத்தமா இருக்கு" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்க பிள்ளைல்லா இது."

நான் கேசட்டை நிறுத்தினேன். பதிலை என் மூச்சே சொல்லியிருக்கும்.

"முத்துலட்சுமி பிள்ளையை வச்சு எடுத்தீங்களே, அது எங்க?"

"அதுல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் கெட்டுப்போனது. சங்குதான் இருக்கு."

"போடுங்க."

போட்டேன். டேப்ரிக்கார்டருக்குப் பக்கத்தில் குனிந்து, தோடில்லாத காதைக் கொடுத்துக் கேட்டார். "அப்பா சொல்லு, அப்பா சொல்லு." பிறகு சங்கு. நிறுத்தச் சொன்னார். திருப்பிப் போடச் சொன்னார். மறுபடி சங்கு. மறுபடி திருப்பிப் போடச் சொன்னார். ஐந்தாறு தடவை.

"சங்கு ஊதுதப்ப அம்மாக்காரி மூச்சு ஒரு நிமிசம் நிக்குது. உங்க மூச்சு நிக்குது. அந்தப் பிள்ளைக்குச் சளி மூச்சு அது பாட்டுக்கு வருது பாருங்க. கொஞ்சம்கூட மாறலை."

எனக்கு இன்னும் புரியவில்லை. "அடக்கமான பிள்ளைக்கா" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. எனக்குப் பத்து மணிக்குத்தான் டூட்டி" என்று எழுந்தார்.

மறுநாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முத்துலட்சுமி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தலையோடு போர்த்தும் கம்பளிக் கொங்காணிக்குள் பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டுடியோவின் பலகைத் தரையில் பிள்ளையை விட்டோம். அது தன் போக்கில் கம்பளி மயிரைப் பிய்க்க ஆரம்பித்தது. அக்கா ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஓங்கி அடித்தார். அடுப்படியில் என் மனைவி ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். பிள்ளை திரும்பவில்லை.

பிறகு அக்கா காலால் தரையைத் தொம் என்று மிதித்தார். பலகை அதிர்ந்தது. பிள்ளை உடனே திரும்பிப் பார்த்தது.

முத்துலட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "ஒரு வருசமாத் தெரியும். அவ அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாகன்னு லயத்துல எல்லாரும் சொன்னாவ. அப்படி இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். கடிதாசியில ஒரு தடவை பொய் எழுதியாச்சு. பெறகு எப்படி நிறுத்த?"

"இப்ப நிறுத்து" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மைக்கைப் போடுங்க மழைக்காரரே."

"அக்கா, மழை. தகரத்துல விழுதது மட்டும்தான் கேக்கும்."

"கேக்கட்டும்."

பட்டனை அமுக்கினேன். வழக்கம்போல், "இன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து..." என்று தொடங்கினேன்.

"வாயை மூடுங்க" என்றார் அக்கா. அதுவும் அந்தக் கேசட்டில் இருக்கிறது.

முத்துலட்சுமி மைக்கைப் பிடுங்குவது போல் வாங்கினாள். ஒரு சாண் இல்லை, வாயில் ஒட்டிக்கொண்டாள். மழைக்கு மேலே கத்திப் பேசினாள். "ஏங்க, பிள்ளை இருக்கா. நல்லா இருக்கா. பேச மாட்டேங்கா. அவளுக்குக் காது கேக்கலை. நான் எழுதினதெல்லாம் பொய். நீங்க அங்கன கிடந்து கஷ்டப்படுதீங்கன்னுதான் சொல்லலை. வேலையை விட்டுட்டு வராதீங்க. பிள்ளையை டாக்டர்ட்ட காட்டிக் கேக்கணும்." மைக்கைக் கீழே இறக்கினாள்.

அக்கா மைக்கை வாங்கித் தரையில், பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு காலால் தொம் தொம் என்று மிதித்தார். பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. அக்கா எனக்குக் கண் காட்டினார். நானும் மிதித்தேன். பிள்ளை எழுந்து தானும் மிதித்தது. நாங்கள் மிதிக்க மிதிக்க அது வாய்விட்டுச் சிரித்தது. தகரக் கூரையில் மழை, பலகையில் மூன்று பேர் கால், இடையிடையே முத்துலட்சுமியின் விசும்பல், எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு. துண்டு, பாட்டரி, ஒரு சாண் என்று நான் வைத்த விதி ஒன்றுகூட அந்தப் பதிவில் மிஞ்சவில்லை. அக்கா அதைப் போட்டுக் கேட்கக்கூட இல்லை. "ஒட்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

பதில் கேசட் வர ஆறு வாரம் ஆயிற்று. முத்துலட்சுமிக்கு அதைத் தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை. அக்காவும் நானும் கூட இருந்தோம்.

"ஏ முத்து, மழை கேட்டுச்சு. நீ அழுததும் கேட்டுச்சு. பிள்ளை சிரிச்சதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கூட இருக்கவனுகளும் கேட்டானுவ. நான் இப்ப வரலை. மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்ட்ட காட்டு. இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காத." பிறகு, "கூட இருக்கவனுக கேசட்டுல மழை சொல்லுத அந்த சாரை இதுல காணுமே, மேலுக்குச் சுகமில்லையா?"

அக்கா சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கேசட்டை முதலுக்குத் திருப்பச் சொல்லி, பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்து ஸ்பீக்கரின் வலைமேல் வைத்தார். அப்பா பேச ஆரம்பித்ததும் பிள்ளை வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டது. உள்ளங்கையைப் பார்த்தது. மறுபடி தானாகவே கொண்டுபோய் வைத்தது. கேசட் முடியும்வரை எடுக்கவில்லை.

மதுரையில் என்ன சொன்னார்கள், பிறகு பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம். எனக்குத் தெரியும், லைனில் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மழைக் காலையில் மூன்று பேரும் பலகையை மிதித்துக்கொண்டிருந்தபோது எட்டரை மணி வந்து போய்விட்டது. வாட்சைக் கழற்றி வைத்திருந்தேன். நான் முற்றத்துக்கு ஓடியபோது மணி பத்தடிக்கப் போகிறது. அந்த நேரத்தில் அளந்தால் அது அன்றைய மழையும் அல்ல, மறுநாள் மழையும் அல்ல. பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தபடியே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு டெலிபோனை எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன மழைக்காரரே" என்றார் அக்கா. "பக்கத்து எஸ்டேட்டுக்கு லைன் போடவா?"

அவர் குரலில் கேலி இல்லை. போடச் சொன்னால் போட்டிருப்பார். யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டார்.

"வேண்டாம்க்கா. கட்டம் அப்படியே காலியா இருக்கட்டும்."

"சரி. அப்ப பேனாவை எதுக்குத் திறந்தீங்க? மூடுங்க."

மூடினேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் லைனைத் துண்டித்தார்.